பெரட்டு மணி அடித்தால் 1943: பிள்ளைகளுக்குக் காலப்பயணக் கதை எழுத முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா பக்கம் போகும்போது என் வகுப்புப் பிள்ளைகள் சன்னல் வழியாகப் பார்ப்பது செம்பனையைத்தான். இந்த ஊர் எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று அவர்கள் நினைக்கிறார்கள். அவர்களுடைய கொள்ளுப்பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்ட விடியற்காலை இருட்டில் உளியும் வாளியுமாக நடந்த இடத்தைத்தான் பேருந்து கடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு ஒரு பாடமாக வருகிறது. மலாக்காவும் பரமேசுவராவும் வந்துவிடுகிறார்கள். பெரட்டுக் களம், அதாவது தோட்டத் தொழிலாளர்கள் விடியற்காலையில் பெயர் கொடுக்கக் கூடிய இடம், வருவதில்லை.

அதனால்தான் காலப்பயணக் கதைகள் எழுத ஆரம்பித்தேன். முதல் கதை தோற்றது. ஒரு பையன் பழைய தோட்டத்துக்குப் போகிறான். அங்கே ஒரு தாத்தா மரத்தடியில் உட்கார்ந்து மூன்று பக்கம் வரலாறு சொல்கிறார். பையன் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறான். தேதி எல்லாம் சரி. வாசித்து முடித்த ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி தாளை மூடி வைத்துவிட்டு, "இதுல எது கேள்வியா வரும், டீச்சர்?" என்று கேட்டாள். அவள் குறும்பாகக் கேட்கவில்லை. நான் எழுதியது கதையாக அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்குப் புரிந்த ஒன்றே ஒன்றின்மேல் இந்த வழிகாட்டி முழுவதும் நிற்கிறது. வரலாறு கதைக்குள் யாரோ ஒருவர் சொல்லும் சேதியாக வரக் கூடாது. பிள்ளையின் வழியை மறித்து நிற்கும் தடையாக வர வேண்டும். தடையைத் தாண்ட வேண்டுமென்றால் அதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். அப்படித் தெரிந்துகொண்டதைப் பிள்ளை மறப்பதில்லை.

முதலில் இடம், பிறகுதான் ஆண்டு

எழுத உட்காரும் பலர் முதலில் ஒரு பெரிய நிகழ்ச்சியைத் தேடுகிறார்கள். அரசர், போர், சுதந்திரம் என்று மனம் ஓடுகிறது. அதை விட்டுவிட்டு உங்கள் ஊரில் நடந்து பாருங்கள். பிள்ளை நாளைக்கே போய்த் தொட்டுப் பார்க்கக்கூடிய ஓர் இடம் வேண்டும். கதையை மூடிய பிறகு அந்த இடம் பேச்சைத் தொடரும்.

எங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன். அரைமணி நேரத் தூரத்தில் கோலகங்சார். பிரேசிலில் விதை எடுத்து, லண்டன் கியூ பூங்காவில் முளைக்க வைத்து, சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் கன்றுகளை 1877இல் அங்கே நட்டார்கள். அவற்றில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது, வேலி போட்டுப் பெயர்ப்பலகையும் வைத்திருக்கிறார்கள். நம் முன்னோர் கப்பல் ஏறியதற்குக் காரணமான மரக்கூட்டத்தின் மூத்த மரம் அது. தைப்பிங் போனால், அங்கிருந்து போர்ட் வெல்டுக்கு 1885 ஜூன் 1ஆம் தேதி ஓடிய மலாயாவின் முதல் ரயில் பாதையின் கதை இருக்கிறது. பத்து காஜா பக்கம் 1915இல் கட்டத் தொடங்கி, அதைக் கட்டிய வெள்ளைக்காரத் துரை 1926இல் இறந்ததும் பாதியில் நின்ற கெல்லிஸ் மாளிகை இருக்கிறது. மெட்ராஸிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களில் பலர் விஷக் காய்ச்சலில் இறந்தார்கள், அவர்களுக்காக அங்கே மாரியம்மன் கோயில் எழுந்தது. 1926 பெருவெள்ளம் பேராக் ஆற்றங்கரை ஊர்களை மூழ்கடித்தது. எங்கள் ஊருக்குள்ளேயே 1948 ஜூன் 16 இருக்கிறது: தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதையொட்டி நாடு முழுவதும் அவசரகாலம் வந்து 1960 வரை நீடித்தது. துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியில் 1954இல் திறந்த மகாத்மா காந்தி கலாசாலையில் இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

உங்கள் ஊர் வேறாக இருக்கலாம். கோல சிலாங்கூர்க்காரர்களுக்கு, இந்த நாட்டில் 1917இல் முதன்முதலாக வணிகத்துக்குச் செம்பனை நட்ட தோட்டம் பக்கத்தில்தான். அதன் பெயர் தென்னமரம். கிள்ளான் பக்கத்தவர்களுக்கு 1941 தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் இருக்கிறது. பினாங்குக்காரர்களுக்கு, கப்பலில் வந்தவர்களை இறக்கி நோய்க்காகத் தனிமைப்படுத்தி வைத்த ஜெரஜாக் தீவு கண்ணெதிரே தெரிகிறது.

பத்து இடங்களை எழுதிக்கொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மற்ற ஒன்பதையும் அடுத்த கதைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கதையில் எல்லாவற்றையும் திணிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கு இன்னமும் வருகிறது.

காலம் வேண்டாம், ஒரு காலை போதும்

"ஜப்பான் காலம்" என்று எடுத்தால் மூன்றரை ஆண்டைச் சொல்ல வேண்டிவரும், சொல்ல ஆரம்பித்தால் பாடமாகிவிடும். 1943 ஜூன் மாதத்தில் ஒரு நாள், விடிவதற்கு முன்னால் அரைமணி நேரம் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். அந்த அரைமணி நேரத்துக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று பட்டியல் போடுங்கள். என்ன விளக்கு எரிந்தது? காலில் என்ன போட்டிருந்தார்கள், அல்லது ஒன்றும் போடவில்லையா? பானையில் என்ன வெந்தது? யாரைக் கண்டால் ஒதுங்கி நின்றார்கள்? இந்தப் பட்டியல்தான் நீங்கள் தேட வேண்டிய வரலாறு. அளவு சிறிதாக இருப்பதால் முழுமையாகத் தேடி முடிக்கலாம்.

இந்த வழிகாட்டி முழுவதும் நான் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளப் போவது அந்தக் காலைதான். கதையில் இரண்டு பிள்ளைகள்: பதினோரு வயது நிலா, எட்டு வயது தம்பி கதிர்.

கதவு

கடந்த காலத்துக்குப் போகும் வழி எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம், மந்திரக்கண்ணாடி வரைக்கும். நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்று: இரண்டு காலத்திலும் இருந்த பொருள்தான் கதவாக முடியும். கோலகங்சார் மரத்தைக் கதவாக வைத்தால் 1877க்கு முன்னால் போக முடியாது, அப்போது மரமே இல்லை. இப்படி ஒரு கட்டுப்பாடு வந்தவுடன் பிள்ளைகள் தாங்களாகவே கணக்குப் போடுகிறார்கள். "அப்ப நம்ம பள்ளிக்கூடத்துத் தூணைத் தொட்டா எந்த வருஷம் வரைக்கும் போகலாம் டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, பள்ளி கட்டிய ஆண்டைத் தேடிப் போகிறார்கள்.

நிலாவின் கதையில் கதவு, தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. இரும்பால் தட்டினால் தோட்டம் முழுக்கக் கேட்கும். பெரட்டுக்கு ஆள் கூட்ட அடித்த மணி அது.

கதவுக்கு இன்னும் இரண்டு விதி வேண்டும். திரும்பி வர என்ன செய்ய வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் சுலபமாக இருக்கக் கூடாது. இரண்டாவதாக, கதவு சூரியனை மாற்றாது. இங்கே விடிகாலை என்றால் அங்கேயும் விடிகாலைதான். இந்த இரண்டாவது விதியை நான் வைத்ததற்குக் காரணம் கடிகாரம்.

கடிகாரம் சொல்லும் ஆண்டு

இது பலருக்குத் தெரிவதில்லை, அதனால் சற்று நின்று சொல்கிறேன். நம் தீபகற்பத்தின் நேரம் பல முறை மாறியிருக்கிறது. 1933 முதல் 1941 வரை கடிகாரம் இன்றைய நேரத்தைவிட நாற்பது நிமிடம் பின்னால் ஓடியது. 1941 செப்டம்பரில் அது முப்பது நிமிடமாகக் குறைந்தது. 1942இல் ஜப்பானியர்கள் பிடித்தவுடன் தோக்கியோ நேரத்தை வைத்தார்கள், அதாவது இன்றைய நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால். 1945 செப்டம்பரில் பழையபடி முப்பது நிமிடம் பின்னால் போனது. 1982 பிறக்கும்போது கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னால் தள்ளி வைத்து இன்றைய நேரம் வந்தது. உங்கள் வீட்டில் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களைக் கேளுங்கள், அந்த இரவு நினைவிருக்கும்.

காலப்பயணக் கதை எழுதுபவருக்கு இது பெரிய வரம். கையில் கடிகாரத்தோடு போகும் பிள்ளை, அங்கே சுவரில் உள்ள கடிகாரத்தைப் பார்த்தே எந்தக் காலம் என்று கண்டுபிடித்துவிடலாம். யாரும் "இது 1943" என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆண்டைக் காட்டிக்கொடுக்கும் வேறு பொருள்களும் உண்டு. பணம்: ஜப்பான் காலத்துப் பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருக்கும், அதனால்தான் "வாழைமரக் காசு" என்றார்கள். நாட்காட்டி: ஜப்பானியக் கணக்கில் 1943 என்பது 2603. ஊர்ப்பெயர்: சிங்கப்பூர் அப்போது சியோனான். தமிழ் எழுத்து: தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் ணை, லை, னை எல்லாம் யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த கொம்போடு அச்சாயின. பழைய பலகையைப் பார்த்து, தன் தாய்மொழியையே எழுத்துக்கூட்டித் திணறும் பிள்ளையை எழுதிப் பாருங்கள். அந்த ஒரு வரியில் காலம் மாறிவிடும்.

அங்கே அந்தப் பிள்ளை யார்?

தோட்டம் சின்ன உலகம். எந்த லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) யார் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். புதுப்பிள்ளை ஒன்று வந்து நின்றால் ஐந்து நிமிடத்தில் கங்காணிக்குச் சேதி போய்விடும். "நீ யாரு வீட்டுப் புள்ள?" என்பதுதான் உங்கள் கதாபாத்திரம் எதிர்கொள்ளும் முதல் ஆபத்து. அதற்கு அவள் என்ன பதில் சொல்வாள் என்று நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்திலிருந்து அத்தை வீட்டுக்கு வந்தவள் என்று சொல்லலாம், ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்து ஒட்டிய பால்) பொறுக்க வந்த பிள்ளை என்றும் சொல்லலாம். அவசரகாலக் கதையாக இருந்தால் இன்னும் கடினம். 1948இல் பதினோரு வயதைத் தாண்டியவர்களுக்கு அடையாள அட்டை கட்டாயமானது. உங்கள் நாயகிக்குப் பன்னிரண்டு வயது என்றால் சாலையில் நிறுத்துவார்கள், பதினொன்று என்றால் தப்பிக்கலாம். கதாபாத்திரத்தின் வயதை ஏதோ ஓர் எண்ணாகப் போடாதீர்கள்.

தடையைக் கட்டுவது

இனி சொல்வதுதான் முக்கியம். ஒவ்வொரு வரலாற்றுச் செய்தியையும் எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேளுங்கள்: இது தெரியாவிட்டால் என் பிள்ளைக்கு என்ன கெடும்? ஒன்றும் கெடாது என்றால் அந்தச் செய்தியைக் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள், எவ்வளவு அருமையானதாக இருந்தாலும்.

ஓர் எளிய உதாரணம் முதலில். பால்மரம் வெட்டுவதை ஏன் விடிவதற்கு முன்னால் தொடங்கினார்கள்? குளிர்ந்த வேளையில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்து வெட்டிய கோட்டிலேயே உறைந்துவிடும். மழை வந்தால் மரத்தில் கட்டிய கிண்ணமான மங்கில் சேர்ந்த பால் வழிந்தோடி அன்றைய உழைப்பு போகும். இதை விளக்கமாக எழுதினால் அறிவியல் பாடம். இப்படி எழுதினால் கதை: அம்மாவுக்குக் காய்ச்சல், நிரையில் மங்குகள் நிறைந்து நிற்கின்றன, மேற்கே இடி முழங்குகிறது, இரண்டு பிள்ளைகள் இரு பக்கமும் வாளி தொங்கும் காண்டாக் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு மழைக்கு முன்னால் பாலை எடுத்து முடிக்க வேண்டும். வாளியை வேகமாகத் தூக்கினால் சிந்தும், மெதுவாகப் போனால் மழை பிடிக்கும். காண்டாவில் இரண்டு பக்கமும் எடை சமமாக இல்லாவிட்டால் தோள் கழன்றுபோகும் என்பதைக் கதிர் விழுந்து தெரிந்துகொள்வான்.

இப்போது 1943. ரப்பர் ஏற்றுமதி நின்றுவிட்டது. மரம் வெட்ட வேலை இல்லை, அரிசி இல்லை, எங்கும் மரவள்ளிக் கிழங்கு. சயாமின் (இன்றைய தாய்லாந்து) பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானியர்கள் ஆள் சேர்க்கிறார்கள். முதலில் கூலியும் அரிசியும் தருவதாக ஆசை காட்டினார்கள், பிறகு தோட்டம் தோட்டமாக லாரி வந்து பிடித்துக்கொண்டு போனது. போனவர்களில் எத்தனையோ தமிழர்கள் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் இறந்தார்கள். பாதை அக்டோபரில் முடிந்தது.

கதையில் வேலு என்ற பையனின் அப்பா காட்டோரம் ஒளிந்திருக்கிறார். வேலுவுக்குக் காலில் வெட்டுக்காயம், நடக்க முடியாது. "எட்டு மணிக்கு லாரி வருது, காட்டு ஓரமாத்தான் வரும், அதுக்குள்ள அப்பாவை ஆத்துக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லணும்" என்கிறான். நிலா கையைப் பார்க்கிறாள், ஆறரை. ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்று நினைக்கிறாள். இங்கேதான் தோக்கியோ நேரம் கதைக்குள் வருகிறது. எழுதிய பகுதியையே தருகிறேன் (கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் எழுத்தர்):

*ஆபீஸ் சன்னல் ஓரமாகக் குனிந்து போகும்போதுதான் நிலா அதைப் பார்த்தாள். உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு. சுவரில் கடிகாரம். சின்ன முள் ஏழைத் தாண்டி எட்டை நோக்கி இருந்தது, பெரிய முள் ஆறில்.*

*"ஏழரை," என்றாள்.*

*"உன் வாட்ச்ல ஆறரைதான அக்கா?"*

*நிலா வானத்தைப் பார்த்தாள். மரங்களுக்கு மேலே சாம்பல் நிறம் மட்டும். ஏழரைக்கு எங்காவது இவ்வளவு இருட்டாக இருக்குமா? கடிகாரம் கெட்டுப்போயிருக்க வேண்டும். அப்போது உள்ளே கிராணி பேனாவை எடுத்து, முள்ளைப் பார்த்து, பேரேட்டில் நேரம் எழுதினார். அவருக்கு அது கெட்டுப்போன கடிகாரம் இல்லை.*

*வேலு சொன்ன எட்டு, இந்தச் சுவரில் இருக்கிற எட்டு.*

*"கதிர்," என்றாள், குரல் வரவில்லை. "நமக்கு ஒன்றரை மணி நேரம் இல்ல. அரைமணி நேரம்தான்."*

*அவன் கிழங்குப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தான்.*

ஜூன் மாதத்தில் எங்கள் பக்கம் இன்றைய கணக்குக்கு ஏழு மணியளவில் சூரியன் எழும். ஆக லாரியும் சூரியனும் சேர்ந்தே வருகின்றன. இதை நான் கற்பனையாக வைக்கவில்லை, கணக்கே அப்படித்தான் வந்தது. சரியான தகவலைத் தேடிப் பிடித்தால் கதைக்கு இப்படிப்பட்ட பரிசுகள் கிடைக்கும்.

கவனியுங்கள், "ஜப்பானியர்கள் தோக்கியோ நேரத்தை அமல்படுத்தினர்" என்ற வாக்கியம் எங்கும் இல்லை. ஆனால் இந்தக் கதையைக் கேட்ட பிள்ளைகளிடம் ஒரு மாதம் கழித்துக் கேட்டேன். எல்லோருக்கும் அந்த ஒரு மணி நேரம் நினைவிருந்தது.

பெரியவர்களிடம் கேட்பது

ஜப்பான் காலத்தில் எட்டு வயதாக இருந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு. எழுதுவதைத் தள்ளிப்போட்டாலும் கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

"ஜப்பான் காலத்தைப் பத்திச் சொல்லுங்க பாட்டி" என்று கேட்டால், "ரொம்பக் கஷ்டம்மா" என்பதோடு நின்றுவிடும். கை, கால், வயிறு இவற்றைப் பற்றிக் கேளுங்கள். "காலையில என்ன பசியாறுவீங்க?" "மங்கு கழுவுற வேலை யாருக்கு?" "அட்டை கடிச்சா என்ன தடவுவீங்க?" "ஆயாக்கொட்டகையில தம்பியை விட்டுட்டுப் போகும்போது அழுவானா?" ஒரு பாட்டி என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து போய், கோல் ஒன்றைத் தோளில் வைத்து, காண்டா தூக்கி நடக்கும் நடையை நடந்து காட்டினார். இடுப்பு ஒரு தாளத்தில் அசைந்தது. அந்த நடையை எந்த ஏட்டிலும் நான் பார்த்ததில்லை.

பேசுபவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். சயாமுக்குப் போய்த் திரும்பாத அண்ணனைப் பற்றிப் பேசும்போது அடுத்த கேள்வியை நீட்டக் கூடாது. தேநீர் குடித்துவிட்டு வேறு நாள் வரலாம். சொன்னதைக் கதையில் வைக்கலாமா என்று கேட்டு ஒப்புதல் வாங்குங்கள், பெயரை மாற்றிவிடுங்கள்.

நினைவு ஆண்டுகளைக் குழப்பும், அதில் தவறு ஒன்றுமில்லை. ஆண்டை வேறு இடத்தில் சரிபார்க்கலாம். கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை மின்வடிவில் இணையத்தில் வைத்திருக்கிறது, உங்கள் தோட்டத்தின் பெயரை இட்டுத் தேடிப் பாருங்கள், விளம்பரங்களைக்கூட விடாதீர்கள். கோயில் கல்வெட்டு, பள்ளிப் பதிவேடு, வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய கடவுச்சீட்டு எல்லாமே சாட்சி. கப்பல் கதை எழுதுவதானால் ரஜூலாவைத் தேடுங்கள். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று பல்லாண்டு ஓடியது. அதில் வந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

பேச்சு

இரண்டு காலத்துப் பிள்ளைகளும் தமிழில்தான் பேசுகிறார்கள், ஆனால் ஒரே தமிழில் இல்லை. நிலா "பஸ்", "டீச்சர்", "ஃபோன்" என்பாள், வேலுவுக்கு அவற்றில் சில புரியாது. வேலு "தண்டல்", "கிராணி", "பெரட்டு", "தொரை" என்பான், நிலாவுக்குப் புரியாது. யாரும் யாருக்கும் அகராதி வாசிக்க வேண்டாம். சொல் புரியாததால் ஒரு தவறு நடக்கட்டும். தண்டல் வருகிறார் என்று வேலு சொல்ல, அது ஏதோ வாகனம் என்று கதிர் நினைத்து வழியிலேயே நின்றுவிடுகிறான். எதிரே வருவது வேலை மேற்பார்வை பார்க்கும் ஆள்.

மரியாதை வடிவத்தில் கவனம் வேண்டும். அந்தக் காலத்துத் தோட்டத்துப் பிள்ளை கிராணியை "அங்கிள்" என்று கூப்பிடாது, "ஐயா" என்றுதான் சொல்லும். "மலேசியா" என்ற சொல்லையும் 1963 செப்டம்பர் 16க்கு முன்னால் யார் வாயிலும் போடாதீர்கள். அதற்கு முன் மலாயா.

காட்சியிலும் இப்படிப் பிழைகள் நுழையும். எங்கள் பக்கத்துப் பழைய தோட்டத்தைச் செம்பனைக் காடாக எழுதிவிடுவது, தகர வாளிக்குப் பதில் பிளாஸ்டிக் வாளி, லயத்தில் மின்விசிறி. ரப்பர் மரம் ஆண்டுத் தொடக்கத்தில் இலை கொட்டி மொட்டையாக நிற்கும், பிறகு துளிர்க்கும், காய் வெடிக்கும் பருவத்தில் படபடவென்று சத்தம் கேட்கும். எந்த மாதத்தில் கதை நடக்கிறது என்று தெரிந்தால் காட்டின் சத்தமும் தெரியும்.

வலியை எப்படி எழுதுவது

சயாம் ரயில் பாதையை எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் எதைக் காட்டுவது என்பதில் அளவு வேண்டும். எட்டு, ஒன்பது வயதுக்கு: அப்பா ஒளிந்திருக்கிறார், பிள்ளை பயப்படுகிறது, வீட்டில் ஒரு தட்டு குறைகிறது. பத்து, பதினொன்றுக்கு: போனவர்கள் பலர் திரும்பவில்லை என்பதை நேராகச் சொல்லலாம். சாவின் காட்சி தேவையில்லை. லாரி போன பிறகு லயத்தின் முன்னால் தனியாகக் கிடக்கும் ஒரு ஜோடி செருப்பு போதும்.

யாரையும் அரக்கராக எழுதாதீர்கள், யாரையும் பொம்மையாகவும் எழுதாதீர்கள். நம் ஆட்களை அழுதுகொண்டே இருப்பவர்களாக மட்டும் காட்டினால் அது பொய். அதே 1943இல் தோட்டத்துப் பெண்கள் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து துப்பாக்கி பிடித்தார்கள். பிற்பாடு தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர்கள் தங்கள் காசைப் போட்டுத் தோட்டத்தையே வாங்கினார்கள். அந்தக் காசை முந்தானையில் முடிந்துகொண்டு போன ஒரு பாட்டியின் பின்னால் பிள்ளையை அனுப்பினால், அது இன்னொரு முழுக் கதை.

மாற்ற முடியாது, ஆனால்

காலப்பயணக் கதையில் எழும் பெரிய கேள்வி: நடந்ததை மாற்றலாமா? நான் மாற்ற விடுவதில்லை. நிலா ஓடிப் போய் ரயில் பாதையையே நிறுத்திவிட்டாள் என்று எழுதினால், உண்மையில் இறந்தவர்களுக்கு அது அநியாயம். அதற்காகப் பிள்ளை வெறும் பார்வையாளராகவும் நிற்கக் கூடாது. ஏட்டில் பதிவாகாத சிறிய இடங்கள் ஏராளம் இருக்கின்றன. ஒரு பொட்டலம் கிழங்கு ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதை எந்த வரலாற்றாசிரியரும் எழுதி வைக்கவில்லை. அந்த இடத்தில் உங்கள் பிள்ளை உழைக்கட்டும்.

ஒரு திருப்பத்தை மட்டும் தவிர்க்கச் சொல்வேன்: "அந்தப் பையன்தான் என் கொள்ளுத்தாத்தா!" முதல் வரைவில் நானும் அதை எழுதினேன். என் மாணவர்கள் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், அதற்குப் பிறகு வேலுவுக்கு எந்த ஆபத்தும் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. இப்போதைய கதையில் வேலு உறவினன் இல்லை. நிலா திரும்பி வந்த பிறகு அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் என்ன ஆனது என்று அவளுக்குத் தெரியாது. தேட ஆரம்பிக்கிறாள், கதை அங்கே நிற்கிறது.

நீளம், வடிவம்

வாய்விட்டு வாசித்தால் பதினைந்து நிமிடத்தில் முடிய வேண்டும். ஒரு வகுப்பு நேரத்தில் வாசித்து, பேசவும் நேரம் இருக்கும். அத்தியாயம் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு முடிவு எடுக்கும் இடத்தில் நிற்கட்டும்.

கடைசிப் பக்கத்தில் இரண்டு சிறு பத்திகள் கண்டிப்பாகச் சேருங்கள். ஒன்றில் உண்மை: தோக்கியோ நேரம், வாழைமரக் காசு, சயாம் பாதை. மற்றதில் கற்பனை: நிலா, கதிர், வேலு, அந்தத் தண்டவாள மணியின் மாயம். பிள்ளைகள் எதை நம்பலாம் என்று தெரிந்துகொள்ள உரிமை உள்ளவர்கள். இந்தப் பக்கத்தை எழுதும்போதுதான் நீங்கள் சரிபார்க்காமல் விட்டதும் உங்களுக்கே தெரியவரும்.

வாசித்துப் பார்ப்பது

அச்சடிப்பதற்கு முன்னால் இரண்டு வகையினரிடம் வாசியுங்கள். பிள்ளைகளிடம் வாசிக்கும்போது தாளைப் பார்க்காமல் அவர்கள் காலைப் பாருங்கள். கால் ஆட ஆரம்பிக்கும் இடத்தில் நீங்கள் பாடம் நடத்தத் தொடங்கியிருக்கிறீர்கள். அந்த வரியின் ஓரத்தில் கோடு போட்டுவிட்டு மேலே வாசியுங்கள், வீட்டுக்கு வந்து அதை வெட்டுங்கள்.

பிறகு தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்களிடம் வாசியுங்கள். நான் வாசித்தபோது ஒரு தாத்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆபீஸ் சன்னல் கட்டம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். "கிராணி அந்த நேரத்துல விளக்கை அவ்வளவு பிரகாசமா வச்சிருக்க மாட்டாரும்மா. எண்ணெய் கிடைக்காது. திரியை இறக்கித்தான் வச்சிருப்பாரு" என்றார். முதல் வரைவில் "பளிச்சென்று எரிந்தது" என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லை அப்போதே அடித்தேன். அவர் மீண்டும் கண்ணை மூடிக்கொண்டு, "ம், மேல வாசி" என்றார்.